யானைத் தீவனச் சட்டத்தின் பத்தொன்பதாம் ஏடு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். இருந்தார் என்று சொல்வது வழக்கம், அவ்வளவுதான். உண்மையில் அவர் ஓரிடத்திலும் இருக்கமாட்டார். சிம்மாசனத்தில் உட்கார்ந்த மறுகணமே எழுந்து சாளரத்துக்குப் போவார். அங்கிருந்து தூணுக்கு, தூணிலிருந்து வாசலுக்கு. நடந்துகொண்டே வழக்குக் கேட்பார், நடந்துகொண்டே தீர்ப்புச் சொல்வார். சபையில் இருந்த நாற்பது பேரும் அவர் போகும் பக்கமெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி கண்டவர்கள். ராஜாவின் பெயர் உத்தண்டவர்மர்.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதன் ஒருவன் வந்தான். வந்த வேலையை முடித்துவிட்டுப் போகிற போக்கில், "எங்கள் அரசர் இந்த ஓராண்டில் நூறு சட்டங்கள் இயற்றியிருக்கிறார்" என்று பெருமை பேசிவிட்டுப் போனான். ராஜாவுக்கு அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை.

"நாம் எத்தனை இயற்றினோம்?" என்று கேட்டார்.

"பதினொன்று, மகாராஜா" என்றார் பிரதானி அனந்தகீர்த்தி. நாட்டின் தலைமை அமைச்சர் அவர்தான்.

"பதினொன்றா! நாளை முதல் தினம் ஒரு சட்டம். சபை கூடியதும் நாழிகை வட்டிலை நீரில் விடுங்கள். வட்டில் மூழ்குவதற்குள் சட்டம் நிறைவேறியிருக்க வேண்டும்."

நாழிகை வட்டில் என்பது அடியில் ஊசித்துளை போட்ட ஒரு செப்புக் கிண்ணம். நீரில் மிதக்கவிட்டால் துளை வழியே நீர் ஏறி, ஒரு நாழிகையில் அது மூழ்கிவிடும். நாற்பது பேர் உட்கார்ந்து ஒரு சட்டத்தைப் படித்து, பேசி, திருத்துவதற்கு அது எந்த மூலைக்கு? ஆகவே படிப்பதை விட்டுவிட்டார்கள். ஓலைச்சுவடியை மேலே தூக்கிக் காட்டி, அதன் பெயரை மட்டும் வாசிப்பார்கள். "சம்மதம்" என்று நாற்பது பேரும் தங்கள் கோல்களைத் தரையில் தட்டுவார்கள். ராஜா நடந்துகொண்டே முத்திரை பதிப்பார். எல்லா ஏடுகளும் ஒரே கயிற்றில் கோத்துக் கட்டியிருக்கும். ஏற்றால் மொத்தமும் ஏற்க வேண்டும், தள்ளினால் மொத்தமும் தள்ள வேண்டும். பழைய சட்டம் எதையாவது மாற்ற வேண்டுமென்றால், அதைப் புதிதாக எழுத நேரம் ஏது? "ஐந்தாம் சட்டத்து மூன்றாம் ஏட்டில் 'கூடாது' என்பதை நீக்கிக் 'கூடும்' என்று கொள்க" என்று ஒரு வரி எழுதி எங்காவது செருகிவிடுவார்கள்.

சுவடிகளை எழுதியவர்கள் பிரதானியின் எழுத்தர்கள். எந்தச் சுவடியில் எந்த ஏட்டைக் கோப்பது என்பது பிரதானிக்கு மட்டும் தெரியும். அது அவருக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது.

ஊரிலோ யாருக்கும் நிம்மதி இல்லை. காலையில் தமுக்குச் சத்தம் கேட்டால் எல்லாரும் வாசலுக்கு ஓடி வருவார்கள். தமுக்கடிப்பவன் சட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவான். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. 'படித்துறைச் சட்டம்' வந்த அன்று குளிப்பது குற்றமா, குளிக்காமல் இருப்பது குற்றமா என்று தெரியாமல் பாதிப் பேர் குளத்துக்கு வந்து கரையிலேயே நின்றார்கள்.

எண்பத்தோராம் சட்டம் நிறைவேறிய அன்று, ஆலங்கரை என்ற ஊரிலிருந்து நான்கு விவசாயிகள் அரண்மனை வாசலுக்கு ஓடி வந்தார்கள். யார் காலில் விழுவது என்று தெரியாமல், எதிரில் வந்த ஏகம்பன் காலில் விழுந்தார்கள்.

ஏகம்பன் அந்தச் சபையின் விகடன். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. ஒல்லியான ஆள், நீண்ட மூக்கு. எதைச் சொன்னாலும் சொன்னபடியே எடுத்துக்கொண்டு செய்து, சொன்னவரைத் திண்டாட விடுவான். ராஜாவுக்கு அவனைப் பிடிக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே பிரதானிக்கு அவனைப் பிடிக்காது.

விவசாயிகள் சொன்னதைக் கேட்ட ஏகம்பன் நேரே சிறைச்சாலைக்குப் போனான். அங்கே கம்பிக்குப் பின்னால், முழங்கால் வரை சேறு காய்ந்து ஒட்டிய கால்களோடு ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் குருவம்மா. ஆலங்கரை ஏரியின் மடையைத் திறந்து, வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது அவள் பொறுப்பு.

"என்னம்மா செய்தீங்க?" என்று கேட்டான் ஏகம்பன்.

"அதத்தாங்க நானும் கேக்கறேன். பிடிச்சுட்டு வந்த சேவகருக்கே தெரியலை. 'மடை தொறந்தியா'ன்னாரு. 'ஆமா, முப்பது வருசமாத் தொறக்கறேன்'னேன். 'அதான் குத்தம், வா'ன்னுட்டாரு."

"எந்தச் சட்டப்படின்னு சொன்னாரா?"

"யானைச் சட்டமாம். எங்க ஊர்ல யானையே கெடையாதுங்களே அய்யா!"

அவள் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "என்னைய வெச்சிருக்கட்டும். சோறு போடறாங்க, கெடக்கறேன். ஆனா அங்க நெல்லு பால் பிடிக்கிற நேரம். இன்னும் நாலு நாளைக்குள்ள தண்ணி பாயலைன்னா அத்தனையும் பதராப் போயிரும். நானூறு குடும்பம் அய்யா. சின்னப் புள்ளைங்க இருக்கற வீடு."

ஏகம்பன் அங்கிருந்து சுவடிச்சாலைக்கு ஓடினான். யானைத் தீவனச் சட்டத்தைத் தேடிப் பிடித்தான். மொத்தம் இருபத்திரண்டு ஏடு. முதல் பதினெட்டும் புல், கரும்புத்தோகை, வெல்லம், ஆலந்தழை என்று யானைகளின் சாப்பாட்டைப் பற்றியே பேசின. பத்தொன்பதாம் ஏட்டில் இப்படி இருந்தது: 'இனி இந்நாட்டில் மடை எதுவும் சபை நியமப்படி ஒப்புதல் பெறாமல் திறக்கப்படலாகாது. மீறுவோர் சிறைப்படுவர்.' இருபதாம் ஏடு மறுபடியும் புல்லுக்குப் போய்விட்டது.

ஆலங்கரை ஏரியின் மேல்கரையில் யாருக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறது என்று ஏகம்பனுக்குத் தெரியும். பிரதானியின் மைத்துனருக்கு. மடை மூடியே கிடந்தால் ஏரி நிரம்பி நிற்கும், மேல்கரைக்குத் தண்ணீர் ஏறும். சபையின் ஒப்புதலுக்கு எது வரும், எது வராது என்று தீர்மானிப்பவரோ பிரதானி.

மறுநாள் சபையில் ஏகம்பன் எழுந்தான்.

"மகாராஜா, யானைத் தீவனச் சட்டத்தின் பத்தொன்பதாம் ஏட்டில்..."

"யானைகள் தின்கின்றனவா?" என்றார் ராஜா, தூணைச் சுற்றிக்கொண்டே.

"தின்கின்றன, மகாராஜா. ஆனால்..."

"தின்கின்றன என்றால் சட்டம் நல்ல சட்டம். வட்டில் பாதி மூழ்கிவிட்டது. இன்றைய சட்டம் எங்கே?"

பிரதானி கைகூப்பி முன்னால் வந்தார். "மகாராஜா, ஏகம்பர் குறை சொல்வது யானைகளை அல்ல. நாற்பது பேர் சம்மதித்து, தங்கள் திருக்கை முத்திரை பதித்த சட்டத்தைக் குறை சொல்கிறார். வேடிக்கையாகப் பேசித் தங்களை மயக்குவது அவர் தொழில். உண்மையிலேயே குறை இருக்குமானால், அதை வாய்ப்பேச்சு இல்லாமல் காட்டட்டுமே."

ராஜா நின்றார். புதிதாக ஒரு விளையாட்டு என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை.

"நன்றாகச் சொன்னீர்! ஏகம்பா, இன்று முதல் மூன்று நாள். சட்டத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது. அந்தச் சொல்லே உன் வாயிலிருந்து வரக்கூடாது. ஆனால் அதில் உள்ள குறையை எமக்குக் காட்ட வேண்டும். காட்டினால் கேட்டதைக் கொடுப்போம். காட்டாவிட்டால் நம் எல்லையைத் தாண்டிப் போய்விடு."

"அதுவரை அவருக்குச் சபையில் வேலை இல்லையே" என்றார் பிரதானி பணிவாக. "மடைப்பள்ளியில் மேற்பார்வை செய்யட்டும். கறிவேப்பிலை உருவவும் ஆள் வேண்டுமல்லவா?"

சபையில் நாற்பது பேரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் முதுகில் தட்டிக்கொண்டு சிரித்தவர்களும் உண்டு. விகடனைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு அதுவரை இப்படி ஒரு வாய்ப்புக் கிடைத்ததில்லை.

ஏகம்பன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தான். கால் தன்பாட்டில் நடந்தது. நாடு கடத்தினால் போய்விடலாம், எங்கேயும் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பால் பிடிக்கிற நெல்? வாய் பேசாமல் ஒரு ஏட்டின் குறையை எப்படிக் காட்டுவது? அதைக் கையில் எடுத்து ஆட்டுவதா? யோசித்து யோசித்துத் தலை சூடானதுதான் மிச்சம்.

மடைப்பள்ளி வாசலில் தலைமைச் சமையல்காரர் ஆதிமூலம் ஒரு பெரிய அண்டாவைத் துலக்க வைத்துக்கொண்டிருந்தார். "வா தம்பி, மடைப்பள்ளிக்கு! கேள்விப்பட்டேன்" என்றார் வருத்தமாக.

ஏகம்பன் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான்.

"அண்ணே, இந்த இடத்துக்கு மடைப்பள்ளின்னு ஏன் பேரு?"

"இது தெரியாதா? மடைன்னா சமையல், சோறு. சாமிக்குப் படைக்கிறதும் மடைதான். அதனாலதான் மடைப்பள்ளி."

"ஏரியில இருக்கறதும் மடைதானே?"

"அது வேற மடை, தம்பி."

"வேறன்னு எழுதலையே அண்ணே" என்றான் ஏகம்பன். "'மடை எதுவும்'னுதான் எழுதியிருக்கு." அவன் முகத்தில் இரண்டு நாளைக்குப் பிறகு கொஞ்சம் ரத்தம் ஓடியது.

விஷயத்தைக் கேட்ட ஆதிமூலம் சுற்றுமுற்றும் பார்த்தார். "ராஜாவைப் பட்டினி போட்டா என் தலை தோள்ல இருக்காதுய்யா."

"நாம பட்டினி போடலை. அவரோட முத்திரை போடுது. அவர் சாப்பிடாதவரைக்கும் நானும் சாப்பிடமாட்டேன், போதுமா?"

ஆதிமூலம் அண்டாவை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "எங்க அக்காவைக் கட்டிக் குடுத்தது ஆலங்கரையிலதான்" என்றார்.

மறுநாள் காலை. ராஜா குளித்த தலை ஈரம் காயுமுன் சாப்பிடுகிறவர். விஷ பயம் காரணமாக அரண்மனை மடைப்பள்ளியைத் தவிர வேறெங்கும் கை நனைக்க மாட்டார். வேகமாக வந்து இலை முன்னால் அமர்ந்தார். இலை வெறும் இலையாக இருந்தது. எதிரில் ஏகம்பன் நின்றான். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் நீர், அதில் நாழிகை வட்டில் மிதந்துகொண்டிருந்தது. அவன் கையில் ஒரு சுவடி.

"இது என்ன கூத்து?"

"மடை திறக்க ஒப்புதல் வேண்டும், மகாராஜா. சாப்பிடுகிறவர் தாங்கள், எனவே சம்மதிக்க வேண்டியவரும் தாங்கள்." ஏகம்பன் சுவடியை உயர்த்தினான். "மகாராஜாவின் காலைப் போஜனம். இருபத்திரண்டு ஏடு. சம்மதமா?"

"அதில் என்ன இருக்கிறது?"

ஏகம்பன் வட்டிலைக் காட்டினான். அது மூழ்கிக்கொண்டிருந்தது.

ராஜாவுக்குப் பசி. "சம்மதம், சம்மதம், கொண்டு வா" என்று முத்திரை பதித்தார்.

ஆதிமூலமும் இன்னொருவரும் ஒரு பெரிய உருளியைத் தூக்கி வந்தார்கள். அதற்குள் நெய் மணக்கும் பொங்கல் இருந்தது. அந்தப் பொங்கலுக்குள் பாகற்காய் இருந்தது. பாயசம் இருந்தது. குதிரைக்கு ஊறவைத்த கொள்ளு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல் விளக்கெண்ணெய் பளபளவென்று மிதந்தது.

"இதை மனிதன் தின்பானா! பொங்கலை மட்டும் எடுத்து வை!"

"எல்லாம் ஒரே கயிற்றில் கோத்தது, மகாராஜா" என்றான் ஏகம்பன். "ஏற்றால் மொத்தமும். தள்ளினால் மொத்தமும்."

ராஜா உருளியைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். அன்று சபையில் அவர் நடந்த நடையைப் பார்த்தவர்கள் அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

மத்தியானம் வந்ததும் அவர் உஷாராக இருந்தார். "இந்தத் தடவை நான் படித்துவிட்டுத்தான் சம்மதிப்பேன். கொடு இப்படி."

ஏகம்பன் பணிவாக ஓர் ஏட்டைக் கொடுத்தான். அதில் எழுதியிருந்தது இது: 'முந்தாநாள் மத்தியான உணவின் மூன்றாம் பதார்த்தத்தில் புளி என்று வருமிடத்தில் மோர் என்று கொள்க. நான்காம் பதார்த்தத்தில் வாழைக்காய் என்பதற்குப் பின் இல்லாத என்று சேர்க்க. உப்பு என்ற சொல் வருமிடமெல்லாம் நீக்குக. இவை போனவாரத்து வெள்ளிக்கிழமை உணவுக்கும் பொருந்தும், அதன் இரண்டாம் பதார்த்தம் நீங்கலாக.'

"முந்தாநாள் நான் என்ன சாப்பிட்டேன்?" என்றார் ராஜா.

யாருக்கும் நினைவில்லை. ராஜா மூன்று முறை படித்தார். வட்டில் முக்கால் மூழ்கிவிட்டது. வேறு வழியில்லாமல் சம்மதித்தார். உள்ளே ஆறு சமையல்காரர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு அந்த ஏட்டுக்குப் பொருள் கண்டுபிடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியில் உப்பில்லாத மோரும், வாழைக்காய் இல்லாத வாழைக்காய் வறுவலும் வந்தன. அதாவது, தட்டு நிறைய வறுத்த மிளகாய்ப்பொடி மட்டும்.

"நான் ராஜா! மடைப்பள்ளிக் கதவைத் திற என்று ஆணையிட்டால்?" என்று உறுமினார் உத்தண்டவர்மர்.

"தங்கள் முத்திரையைத் தாங்களே மீறிய பழக்கம் இதுவரை இல்லையே, மகாராஜா" என்றான் ஏகம்பன். அவன் குரலும் பசியில் கம்மியிருந்தது.

அது ராஜாவைத் தைத்தது. நந்தவனத்தில் போய் நாலு வாழைப்பழம் பறித்துத் தின்றுவிட்டுப் படுத்தார். ஏகம்பனும் படுத்தான். கண்ணை மூடினால் சேறு காய்ந்த கால்கள் தெரிந்தன. இன்னும் ஒரே ஒரு நாள்தான்.

மூன்றாம் நாள் காலை ராஜா இறங்கிவந்தார். "ஏகம்பா, எனக்கு ஒன்றும் வேண்டாம். சோறும் நெய்யும் உப்பும் போதும். அதை எழுதிக் கொண்டுவா."

சுவடி வந்தது. முதல் ஏட்டில் சோறு, நெய், உப்பு என்று தெளிவாக இருந்தது. ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மற்ற ஏடுகளைப் புரட்டக்கூட இல்லை. முத்திரையை ஓங்கிப் பதித்தார். சூடான சோறு வந்தது, நெய் வந்தது. நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்ட திருப்தியோடு தமது ஊஞ்சலுக்குப் போனார். அவர் கொஞ்ச நேரமாவது உட்காருகிற ஒரே இடம் அதுதான். அது ஆடிக்கொண்டே இருக்கும் அல்லவா?

ஊஞ்சல் இருந்த இடத்தில் நான்கு சங்கிலிகள் மட்டும் தொங்கின. பலகையைச் சமையல்காரர்கள் நால்வர் தோளில் வைத்து வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அடேய்! எங்கே கொண்டுபோகிறீர்கள்?"

ஆதிமூலம் சுவடியை நீட்டினார். "மகாராசா சம்மதிச்சதுதாங்க. கடைசி ஏட்டைப் பாருங்க."

'சோறு நெய் உப்புச் சுவடி'யின் கடைசி ஏட்டில், 'மகாராஜாவின் ஊஞ்சல் ஆதிமூலத்தின் மைத்துனருக்கு உரியதாகும்' என்று எழுதியிருந்தது. அதன்கீழே அரச முத்திரை பளிச்சென்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பிரதானி அனந்தகீர்த்தி காவலர்களோடு உள்ளே நுழைந்தார். ராஜாவைப் பட்டினி போட்ட செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று வந்திருந்தார். பின்னாலேயே சபையினரும் வேடிக்கை பார்க்கத் திரண்டு வந்தார்கள்.

"மகாராஜா, இது ராஜத்துரோகம்! உத்தரவிடுங்கள். இவர்கள் இருவரையும் இப்போதே..."

"பொறுங்கள்!" ராஜாவின் முகம் சிவந்திருந்தது. "சோற்றுக்கும் ஊஞ்சலுக்கும் என்ன சம்பந்தம்? எவனோ மைத்துனனுக்கு என் ஊஞ்சலா? ஏகம்பா, இந்த அக்கிரமத்தை எங்கே கற்றுக்கொண்டாய்?"

ஏகம்பன் வாயைப் பொத்திக்கொண்டான். இடுப்பிலிருந்து ஓர் ஏட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். குறி தவறினால் காவலர்கள் அருகிலேயே இருந்தார்கள்.

ராஜா வாங்கிப் படித்தார். எண்பத்து மூன்று சட்டங்களில் அவர் தம் கண்ணால் படித்த முதல் ஏடு அது.

"'மடை எதுவும் சபை நியமப்படி ஒப்புதல் பெறாமல் திறக்கப்படலாகாது.' இது எந்தச் சட்டம்?"

"யானைத் தீவனம், மகாராஜா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அப்படியென்றால் ஏகம்பன் செய்தது சரி. வட்டில், தலைப்பு, ஒரே கயிறு எல்லாம் சபை நியமம்தானே?"

பிரதானி பதறிப்போனார். "இல்லை மகாராஜா! அது மடைப்பள்ளியைப் பற்றியது அல்ல. ஏரி மடையைப் பற்றியது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

ராஜா மெல்லத் திரும்பினார். "ஏரி மடையா? ஏரி மடையைத் திறக்க எதற்கு ஒப்புதல்? யார் கேட்டார்கள் இதை? யானைகளா?"

ராஜா நாற்பது பேரையும் பார்த்தார். "நீங்கள் சம்மதம் என்று தட்டினீர்களே. யாராவது படித்தீர்களா?" ஒருவர் கோலைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். "சரி, நான் முத்திரை போட்டேனே. நான் படித்தேனா?" என்று தம்மையே கேட்டுக்கொண்டார்.

"ஏகம்பா, தடையை நீக்கினோம். பேசு."

அவ்வளவுதான், மூன்று நாள் அடைத்துவைத்தது உடைந்து கொட்டியது. குருவம்மா, சிறை, மேல்கரைக் கரும்பு, பால் பிடிக்கிற நெல் என்று மூச்சுவிடாமல் சொன்னான். "நாளைக் காலைக்குள் தண்ணீர் பாயவில்லை என்றால் ஒன்றும் மிஞ்சாது, மகாராஜா."

"இப்போதே திறக்கச் சொல்! ஓடு! என் ஆணை!" என்று ராஜா கத்தினார்.

"வேண்டாம், மகாராஜா" என்றான் ஏகம்பன். எல்லாரும் திகைத்தார்கள். "நாளைக்கு இன்னொரு பிரதானி வந்து, அந்த ஏடு இன்னும் அப்படியே இருக்கிறது என்று அவளை மறுபடியும் பிடிப்பார். இங்கேயே சபை கூடட்டும். வட்டிலையும் விடுங்கள். அவளையும் வரச்சொல்லுங்கள்."

ராஜா தாழ்வாரத்தில் இங்குமங்கும் நடந்தபடி நகத்தைக் கடித்தார். குருவம்மா வந்து சேர்ந்ததும் வட்டிலை நீரில் விட்டார்கள். ஏகம்பன் ஓர் ஏட்டில் ஒரே ஒரு வரி எழுதி, உரக்கப் படித்தான்: "யானைத் தீவனச் சட்டத்தின் பத்தொன்பதாம் ஏடு நீக்கப்படுகிறது, மடைகளை அந்தந்த ஊரார் பழைய முறைப்படி திறந்துகொள்வார்கள்."

கடைசி வரிசையில் முனையரையர் என்று ஒருவர். எண்பத்து மூன்று நாளில் ஒரு தடவையும் வாய் திறக்காதவர். அவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "மடை என்றால் எது என்று எழுதவில்லையே? மறுபடியும் சமையல் என்று யாராவது..."

"ஐயோ!" என்று ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

'ஏரி மடைகள்' என்று திருத்தினார்கள். "அம்மா, உங்களுக்குப் புரிகிறதா?" என்று ஏகம்பன் கேட்டான்.

"'பழைய முறை'ன்னா சண்டை வருமுங்க" என்றாள் குருவம்மா. "போன வருசத்து முறையா, பத்து வருசத்துக்கு முந்தின முறையான்னு கேப்பாங்க. 'ஊர் கூடி வெச்ச முறை'ன்னு எழுதுங்க. அதுக்கு எல்லாரும் கட்டுப்படுவாங்க."

அப்படியே எழுதினார்கள். நாற்பது பேரும் இப்போது கேட்டுவிட்டுத் தட்டினார்கள். ராஜா படித்துவிட்டு முத்திரை பதித்தார். திரும்பிப் பார்த்தால் வட்டில் பாதிகூட மூழ்கவில்லை. ராஜா அதைக் குனிந்து பார்த்தார். "இவ்வளவு நேரம் மிச்சமா!" என்றார் ஆச்சரியத்தோடு.

அரண்மனையின் வேகமான குதிரைவண்டியில் குருவம்மாவை ஏற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் ஆலங்கரை மடை திறந்தது.

"பந்தயத்தில் ஜெயித்தாய். என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

"இனி ஒரு கயிற்றில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், மகாராஜா. யாருக்காக எழுதுகிறோமோ, அவர்களில் ஒருவராவது எதிரில் நின்று முழுதும் கேட்டு, புரிகிறது என்று சொன்ன பிறகுதான் முத்திரை."

"அது நாட்டுக்கு. உனக்கு?"

"கொஞ்சம் சோறு" என்று சொல்லிவிட்டு ஏகம்பன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "தாங்கள் சாப்பிட்டீர்கள். நான் நேற்றுக் காலை முதல் சாப்பிடவில்லை."

பிரதானியைச் சிறையில் போடவேண்டும் என்று சிலர் சொன்னார்கள். ராஜா ஒப்பவில்லை. வேறொரு வேலை கொடுத்தார். எண்பத்து மூன்று சட்டங்களையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், ஒவ்வோர் ஏட்டையும் உரக்கப் படிக்க வேண்டும். ஊராருக்குப் புரியாததை அங்கேயே உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டும்.

ஒரு மாதம் கழித்து ராஜாவும் ஏகம்பனும் ஆலங்கரைக்குப் போனார்கள். களத்துமேட்டில் நெல் குவிந்து கிடந்தது. அதன் அருகே பிரதானி அனந்தகீர்த்தி, தொண்டை கட்டிய குரலில் யானைத் தீவனச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாம் ஏட்டை முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "புரிந்ததா?" என்றார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குருவம்மா யோசித்தாள். பிறகு மரியாதையாகவே சொன்னாள்: "நடுவுல கொஞ்சம் நழுவிடுச்சுங்க. மொதல்லேருந்து ஒரு தடவை படிச்சுருங்க."

ராஜாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தொப்பை குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி ஏகம்பன் கழுத்தில் போட்டார். களத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிரதானி ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, முதல் ஏட்டை மறுபடியும் கையில் எடுத்தார்.